கிணற்றுக் காந்தம்: ஒன்று வெல்டிங்கில் செத்தது, மற்றது நல்லா இருக்கு

போன சிறுபோகத்தில் ஒரு நாள் காலமை, மிளகாய்க்கு இறைக்கவென்று பம்ப் பைப்பின் அடியில் பூட்டுகிற ஃபுட் வால்வை மாற்றிக்கொண்டிருந்தபோது அது கைதவறிக் கிணற்றுக்குள் போனது. ஐயோ என்று குனிந்ததில் கிணற்றுக் கட்டில் வைத்திருந்த ஸ்பேனர் தட்டுப்பட்டு அதுவும் போனது. சேட்டுப் பொக்கற்றில் கிடந்த மோட்டார் சைக்கிள் திறப்பும் கூடவே போய்விட்டது. ஒரு நிமிஷத்துக்குள் மூன்று சாமான். எங்களுடையது வட்டக்கச்சிப் பக்கத்துக் கிணறு, இருபத்தைந்து அடி, பாதிக்கு மேல் தண்ணி, இறங்கித் தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அப்படித்தான் இந்தக் காந்தம் வாங்கப் போனேன். இரண்டு வாங்க வேண்டி வந்தது. அதற்குக் காந்தத்தைக் குறை சொல்ல மாட்டேன், பிழை என்னுடையது. அந்தக் கதையையும் சேர்த்து எழுதுகிறேன், யாராவது ஒருவருக்காவது 4,500 ரூபாய் மிஞ்சட்டும்.

வாங்கியது கிளிநொச்சி டவுனில் ஒரு ஹாட்வெயாரில். சாமான் இதுதான்: ஆறு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு இரும்புச் சட்டி, அதற்குள் பசை போட்டு இறுக்கிய நியோடிமியக் காந்தத் தட்டு, மேலே கயிறு கட்டுவதற்கு மரை போட்ட ஒரு வளையம், பத்து மீற்றர் நைலோன் கயிறு. பெட்டியில் "120 கிலோ" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். "தம்பி, இது உங்கட பேரப்பிள்ளையள் காலத்துக்கும் இழுக்கும்" என்றார் கடைக்கார அண்ணை. ஹாட்வெயாரில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன். பிறகு யோசித்தால் மனுசன் சொன்னதில் பிழையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றுக்குப் போகவில்லை. நான் ஏ லெவலில் கணிதப் பிரிவு, பௌதிகவியல் படித்துவிட்டு வயலுக்கு வந்தவன், 120 கிலோ என்று எழுதியிருந்தால் பார்க்காமல் விட மனம் வராது. உழவு இயந்திரத்தின் கலப்பைத் தகட்டை மண் போகத் தேய்த்துத் துடைத்து, அதன் அடியில் காந்தத்தை ஒட்டி, கீழே யூரியாப் பையைக் கட்டினேன். ஒரு பை, ஐம்பது கிலோ, அசையவில்லை. இரண்டு பை, நூறு கிலோ, அதுவும் நின்றது. அதற்கு மேல் கட்ட எனக்குத்தான் பயம். அடுத்தது உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டியின் அடிப்பக்கம், பெயின்ற் அடித்த மெல்லிய தகடு, கொஞ்சம் கறள் வேறு. அங்கே ஒரு பைக்கே காந்தம் முனகியது, பையை லேசாக ஆட்டியதும் விழுந்துவிட்டது.

இதை ஏமாற்று என்று எழுதக் கூடாது. அந்த 120 கிலோ, தடித்த, சுத்தமான, தட்டையான இரும்பில் நேராகக் கீழே இழுத்தால் வரும் கணக்கு. நடுவில் ஒரு மில்லிமீற்றர் கறளோ பெயின்றோ வந்தாலே பலம் படாரென்று இறங்கும். பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், அங்கே உராய்வு மட்டும்தான் பிடித்து வைக்கிறது. கிணற்றுக்கு அடியில் தடித்த சுத்தமான தகடு யார் வைத்திருக்கிறார்கள்? பெட்டியில் போட்டிருப்பதில் மூன்றில் ஒன்று கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். கிணற்றுக்கு அது காணும்.

ஸ்பேனர் இரண்டாவது வீச்சிலேயே வந்தது. திறப்பு கொஞ்சம் அலைக்கழித்தது, ஏனென்றால் திறப்பை இந்தக் காந்தம் தொடவே இல்லை, அதைக் கோர்த்திருந்த இரும்பு வளையத்தைத்தான் பிடித்து வந்தது. கூடவே நாலைந்து ஆணி, ஒரு பழைய வாளிக் கைபிடி, எப்போதோ காணாமல் போய் வீட்டில் பெரிய சண்டைக்குக் காரணமாக இருந்த ஒரு கத்தி. ஃபுட் வால்வு மட்டும் வரவில்லை. மூன்று மணித்தியாலம் அலசினேன். ஒருமுறை காந்தம் பழைய இரும்புப் பைப்பில் போய் ஒட்டிக்கொண்டது, எரிச்சலில் கயிற்றைச் சுண்டி இழுத்தேன், மேல் வளையத்தின் மரை சிதைந்துவிட்டது. காந்தத்தை ஒரு மாதிரி எடுத்துவிட்டேன். ஆனால் வளையம் இனி நிற்காது.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. புது மரை வெட்டுவதை விட ஒரு கொளுக்கியை வெல்ட் பண்ணிவிட்டால் ஆயுளுக்கும் அசையாதே!

வெல்டிங் பட்டறைக்காரர் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். நான்தான் இரண்டு நிமிஷ வேலை என்று பிடிவாதம் பிடித்தேன். வெல்டிங் கூரின் நுனியை வைத்ததும் நெருப்பு நேராக விழாமல் ஒரு பக்கமாக வளைந்து ஓடியது, உருகிய இரும்பு கண்டபடி தெறித்தது. மனுசன் என்னைத் திட்டினார். அது காந்தத்தின் வேலை, வெல்டிங் நெருப்பு என்பது மின்னோட்டம், பக்கத்தில் காந்தம் இருந்தால் அது தள்ளிவிடும். ஆனால் கொஞ்ச நேரம் போனதும் நெருப்பு ஒழுங்காக விழ ஆரம்பித்தது. "இப்ப சரி வருது" என்றார் அவர். எனக்கும் சந்தோஷம். அது சரி வந்ததற்கு அர்த்தம் என்னவென்று அப்போது மண்டையில் ஏறவில்லை. காந்தம் செத்துக்கொண்டிருந்தது.

ஆறிய பிறகு பார்த்தால் பசை கருகிய மணம், சட்டி முழுசாக இருக்கிறது, கொளுக்கி மலை மாதிரி நிற்கிறது, ஆனால் ஒரு ஆணியைத் தூக்கவே யோசிக்கிறது. 4,500 ரூபாய்க்கு ஒரு நல்ல கொளுக்கி போட்ட இரும்புக் கட்டி.

கதை தெரிந்தவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம், எனக்குச் சொல்லாமல் விட முடியாது. இரும்பில் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அவை பக்கத்து அணுவைப் பார்த்து ஒரே பக்கம் திரும்பி நிற்கும், ஆனால் முழுத் துண்டும் ஒரே பக்கம் திரும்பினால் வெளியே பெரிய காந்தப் புலத்தைத் தாங்க வேண்டும், அது செலவான காரியம். அதனால் துண்டு தன்னைத் தானே வயல் மாதிரிப் பிரித்துக்கொள்ளும், இந்த வயலில் எல்லாம் வடக்குப் பார்த்து, அடுத்த வயலில் எல்லாம் தெற்குப் பார்த்து. அந்த வயல்தான் டொமைன். 1907இல் பியர் வைஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார், 1931இல் பிட்டர் என்பவர் மிக நுண்ணிய இரும்பு ஒட்சைட்டுத் தூளை மேலே படியவிட்டு அந்த எல்லைகளைக் கண்ணுக்குக் காட்டினார். இரண்டு வயலுக்கு நடுவே வரம்பு இருக்கும். அந்த வரம்புக்குள் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போய் மறுபக்கம் பார்க்கும். ஆணியைக் காந்தத்தில் தேய்த்தால் வரம்பு நகரும், ஒரு வயல் பெருக்கும், மற்றது சுருங்கும். வரம்பு நகர்த்துவது எங்கள் ஊரில் பொலிசு வரைக்கும் போகிற விஷயம் என்பதால் இது எனக்கு உடனே விளங்கியது.

சும்மா இரும்பில் வரம்பு சேற்று வரம்பு, லேசாகத் தள்ளினால் போகும், விட்டால் திரும்பி வரும், அதனால்தான் ஆணி பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. நியோடிமியக் காந்தத்தில் அப்படி இல்லை. அந்தப் பளிங்கு ஒரே ஒரு அச்சைத்தான் விரும்பும், அந்த அச்சில் மேலே பார்க்கலாம் அல்லது கீழே பார்க்கலாம், குறுக்கே நிற்பது அதற்குப் பெரிய பாடு. சில மைக்ரோன் பருமனுள்ள மணிகளாக அதை இறுக்கியிருக்கிறார்கள், மணிக்கும் மணிக்கும் நடுவே வேறு கலவையால் ஒரு மெல்லிய படை. ஒரு மணி கவிழ்ந்தாலும் அடுத்த மணிக்கு அது பரவாது. எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதைத் திருப்ப வேண்டுமென்றால் சும்மா இரும்புக்குத் தேவையான புலத்தைப் போலப் பல ஆயிரம் மடங்கு வேண்டும். இதை 1980களின் முதல் பாதியில் ஜப்பானில் சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸில் குரோட்டும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்.

சரி, இவ்வளவு உறுதியானது ஏன் இரண்டு நிமிஷத்தில் செத்தது? சூடு. சாதாரண தர நியோடிமியத்துக்கு 80 பாகை செல்சியஸ்தான் எல்லை, அதைத் தாண்டினால் மணிகள் ஒன்றொன்றாகக் கவிழத் தொடங்கும், ஆறினாலும் திரும்பி வராது. 310 பாகைக்குக் கிட்டப் போனால் அணுக்கள் ஒன்றை ஒன்று பார்ப்பதையே விட்டுவிடும், அதற்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். இரும்புக்கு அது 770. வெல்டிங் கூர் வைத்த இடத்தில் இரும்பே உருகுகிறது, அடியில் ஒரு விரல் தள்ளி இருக்கிற காந்தம் என்ன செய்யும்? ஆறும்போது ஒவ்வொரு மணியும் திரும்ப வயல் பிரித்துக்கொண்டது, பாதி மேலே, பாதி கீழே. பொருள் பெரிதாகக் கெடவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மிகப் பலமான புலத்தில் ஒரு கணம் வைத்தெடுத்தால் உயிர் திரும்பலாம், ஆனால் அந்த மெசின் வன்னிக்குள் எங்கே தேடுவது, தேடிப் போகிற பஸ் காசுக்குப் பாதிக் காந்தம் வாங்கிவிடலாம்.

அதே கடைக்குத் திரும்பப் போனேன். "என்ன தம்பி, பேரப்பிள்ளை பிறந்திட்டுதோ?" என்றார் அண்ணை. நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு 300 ரூபாய் குறைத்தார், மரை சிதையாமல் இருக்க உள்ளே போடும் பசையும் ஒரு சின்னக் குப்பியில் தந்தார். கடைக்கு இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம்.

வயது போனால் காந்தம் சாகும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை. அப்பாவின் சைக்கிள் டைனமோ இன்னும் வீட்டில் கிடக்கிறது. 90களில் பொருளாதாரத் தடை நேரம் பற்றரி இல்லாமல் அந்த டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம், ஒருவர் பெடல் மிதிக்க நாலு பேர் காது கொடுப்போம், மிதிக்கிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துவிடுவார். போன மாதம் சுற்றிப் பார்த்தேன், பல்ப் எரிகிறது. முப்பது வருஷம் காந்தத்துக்கு ஒன்றுமே இல்லை.

அளவுதான் இதில் விளையாடும். ஒரு மணி மிகச் சின்னதாகப் போனால் அறையின் சாதாரணச் சூடே அதைக் கவிழ்த்துவிடும், இதைக் கணக்காக எழுதியவர் லூயி நேல், 1970இல் நோபல் பரிசு வாங்கியவர். 6.8 நானோமீற்றர் குறுக்களவுள்ள கோபால்ட் மணி ஒன்று பத்தில் ஒரு விநாடியில் தன் திசையை மறந்துவிடும், 9 நானோமீற்றர் என்றால் கிட்டத்தட்ட நூறு வருஷம் மறக்காது. இரண்டு நானோமீற்றர் வித்தியாசத்துக்கு நூறு வருஷம்! நான் இதை முதலில் வாசித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் வந்த விஷயம் இல்லை. மீள்குடியேறி வந்த பிறகு இரண்டு வருஷம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன். கிரவல் மண் உள்ள இடத்தில் டிடெக்டர் ஒன்றுமே இல்லாத நிலத்தில் கீச்சிடும். அந்தச் சிவப்பு மண்ணுக்குள் இருக்கிற இரும்பு ஒட்சைட்டுத் துகள்களில் ஒரு பங்கு சரியாக அந்த இடைப்பட்ட அளவு, டிடெக்டரின் துடிப்பு வந்து போனதும் உடனே திரும்பாமல் கொஞ்சம் சுணங்கித் திரும்பும், அந்தச் சுணக்கம் கருவிக்கு உலோகம் மாதிரியே கேட்கும். குப்பை எரித்த இடமென்றால் இன்னும் மோசம், நெருப்பு மண்ணைக் காந்தமாக்கிவிடும். ஒவ்வொரு நாள் காலையும் கருவியை அந்த மண்ணுக்குப் பழக்கிவிட்டுத்தான் வேலை தொடங்குவோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இந்தப் பெட்டியில் எழுதாதது, ஆனால் வன்னியில் விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் எழுத வேண்டியது. யூரியூப்பில் வெளிநாட்டுக்காரர் ஆற்றில் காந்தம் வீசிப் பழைய சைக்கிள் எடுக்கிறதைப் பார்த்துவிட்டு எங்கள் பெடியள் குளத்திலும் பாழ் கிணற்றிலும் வீசப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கள் மண்ணில் கிணற்றுக்குள்ளிருந்து என்னென்ன எடுத்தார்கள் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஷெல்லின் கோது இரும்பு, காந்தம் அதை நன்றாகவே பிடிக்கும், பிடித்துக் கல்லில் இடித்து இடித்து மேலே கொண்டு வரும். நீங்கள் நாளாந்தம் அள்ளிக் குடிக்கிற, முழுக்க இறைத்துத் துப்புரவாக்கிய கிணறு என்றால் சரி. பாழ் கிணறு, குளம், நந்திக்கடல் கரை, வாய்க்கால் மதகு, எதிலும் போடாதீர்கள். தெரியாத ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் மேலே இழுக்க வேண்டாம், கழற்றப் பார்க்கவும் வேண்டாம், கயிற்றை அப்படியே மெல்லக் கட்டிவிட்டு எட்டப் போய் வெடிபொருள் அகற்றுகிற ஆட்களுக்கு அறிவியுங்கள். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் காந்தம் போனால் போகட்டும்.

மற்றக் குறைகள் சின்னது. நியோடிமியம் கண்ணாடி மாதிரி, கிணற்றுக் கட்டில் அடிபட்டால் ஓரம் உடையும், உடைந்த இடத்தில் நிக்கல் பூச்சு போனால் தண்ணி ஏறி உள்ளே பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். விழுந்தால் பலம் போய்விடும் என்று சொல்வது பழைய லாடக் காந்தத்துக்குப் பொருந்தும், இதற்கு உடைவும் கறளும்தான் எதிரி. வேலை முடிந்ததும் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் பூசி வையுங்கள். இரண்டு இரும்புக்கு நடுவே விரலை விடாதீர்கள், என் சுண்டுவிரல் நகம் கறுத்து இரண்டு மாதம் கிடந்தது. பாங்க் கார்ட்டைத் தூரத்தில் வையுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கையிலேயே எடுக்கக் கூடாது.

ஒருவர் கேட்டார், பழைய ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கிற கறுப்பு வளையக் காந்தம் காணாதா என்று. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். அது ஃபெரைட், பலம் நியோடிமியத்துக்குக் கிட்டவும் வராது, ஸ்பேனரைத் தூக்கும், ஆனால் பாதி வழியில் கல்லில் தட்டுப்பட்டால் விட்டுவிடும். ஆனால் சூட்டைத் தாங்கும், கறள் பிடிக்காது, காசு இல்லை. ஆணி பொறுக்க, தகரம் வெட்டின இடத்தில் பிசிறு எடுக்க, அது போதும். தகரக் கூரைக்குக் கீழே, எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடக்கப் போகிறது என்றால் நான் ஃபெரைட்டையே எடுப்பேன்.

புல்மோட்டை, கொக்கிளாய்ப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இதைக் கொண்டுபோய்க் கடற்கரைக் கறுப்பு மணலில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், இல்மனைட் மயிர் மாதிரி எழும்பி ஒட்டும், சாதாரணக் காந்தத்துக்கு அது அவ்வளவு லேசில் வராது. பிறகு துடைக்கப் படுகிற பாட்டுக்கு என்னைத் திட்டக் கூடாது. முதலில் ஒரு ஷொப்பிங் பையைச் சுற்றிவிட்டு இழுங்கள், நான் சுற்றவில்லை.

ஐந்துக்கு நாலு. பெட்டியில் சூட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் ஐந்தே போட்டிருப்பேன்.

ஃபுட் வால்வு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டாவது காந்தத்தை வாங்கி வந்து மரைக்குப் பசை போட்டு ஒரு நாள் காயவிட்டு, அடுத்த நாள் காலமையிலிருந்து மத்தியானம் வரை திரும்ப அலசினேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அங்கால் நின்று கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன தம்பி தேடுறீர்?"

"ஃபுட் வால்வு மாமி."

"பித்தளை வால்வோ, பிளாஸ்ரிக்கோ?"

பித்தளை. நான் பௌதிகவியலுக்கு B எடுத்தவன். மாமி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தங்கள் பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்து தந்தா, பத்து நிமிஷத்தில் வால்வு மேலே வந்தது. கரண்டி இன்னும் எங்கள் வேப்பமரத்தில்தான் தொங்குகிறது, நாளைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும்.